‘அற்றைத் திங்கள்’ வந்த இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரைப்பாடல்களின் பின்னணி சொல்லும் கட்டுரைகள் இப்போது நிறைய வருகின்றன. ‘இருவர்’ (1997) படத்தின் ‘நறுமுகையே’ பாடலைப் பற்றி எழுதும் பலர், ‘சங்கக் காதல் வரிகளை வைரமுத்து எடுத்தாண்டிருக்கிறார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதில் பாதிதான் சரி.

அந்தத் திரைப்பாடலில் வரும் ‘அற்றைத் திங்கள்’ புறநானூற்றின் 112ஆம் பாட்டு. திணை பொதுவியல், துறை கையறுநிலை (இறந்தவரை எண்ணி வருந்துவது). பாடியவர்கள் பறம்பு மலைத் தலைவன் பாரியின் மகளிர். பறம்பு மலையை (இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பர்) மூவேந்தரும் முற்றுகையிட்டு, பாரி இறந்த பின் பாடியது. மொத்தம் ஐந்தே அடி:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

அன்றைய நிலவில் எங்களுக்குத் தந்தையும் இருந்தார், குன்றையும் பிறர் கொள்ளவில்லை; இன்றைய நிலவில் வேந்தர் குன்றைக் கொண்டார்கள், தந்தையும் இல்லை என்பது பொருள். முன்பாதியில் தந்தை முதலில், குன்று பின்னால். பின்பாதியில் குன்று போய்விடுகிறது, தந்தை கடைசியில். ‘எந்தையும் இலமே’ என்ற இடத்தில் பாட்டு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் அந்தப் பெண்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்பதும் புகழ்ச்சி இல்லை. ஒருவனை மூவர் சூழ்ந்து வஞ்சித்து வென்றதால் அது இகழ்ச்சிக் குறிப்பு என்கிறார் பழைய உரைகாரர்.

கவிஞர் இதை எடுத்ததில் தவறு காண முடியாது. திரைப்பாடலில் அற்றை, நெற்றி, கொற்ற, ஒற்றை என்று றகர ஒற்று எதுகையாக (இரண்டாம் எழுத்து ஒன்றி) ஓடுவதற்கு அந்த முதற்சொல்தான் வழி திறக்கிறது. ‘அவ்வெண்ணிலவின்’ மெட்டுக்காக ‘அந்நிலவில்’ ஆயிற்று. ஆனால் மூலமே காதல் பாட்டு என்று எழுதினால், தந்தையை இழந்த இரண்டு பெண்களின் அழுகையை நாம் அழித்துவிடுகிறோம். இது மனத்தை உறுத்துகிறது.

காதல் பாட்டு, அதே திரைப்பாடலில் எடுத்தாளப்பட்ட இன்னொன்றுதான்: குறுந்தொகை 40. அதன் முதலடி ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’. யாய் என்றால் என் தாய், ஞாய் உன் தாய். எந்தை, நுந்தை என்பதற்கு நேர் இணை. இணையத்தில் ‘யாயும் யாயும்’ என்று தட்டச்சு செய்து, அதையே அச்சிலும் போட்டுவிடுகிறார்கள். ‘என் தாயும் என் தாயும்’ என்றால் பொருளே இல்லை.

இந்தப் பாட்டு திருமண அழைப்பிதழ்களிலும் வருகிறது. ஆனால் தலைவன் இதைச் சொல்வது ஊரறிந்த மணத்தில் இல்லை. இயற்கைப் புணர்ச்சிக்குப் பின் (இருவரும் தாமாகவே சந்தித்துக் கூடிய பின்), பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியைத் தேற்றச் சொல்கிறான். இரு குடும்பமும் ஒன்றையொன்று அறியாது என்பதே பாட்டின் அடித்தளம். அதனால் அத்தை மகன், மாமன் மகள் திருமணத்துக்கு இது பொருந்தாது. அதன் கடைசி அடியில் வரும் ‘தாம் கலந்தனவே’ என்பதில் ‘தாம்’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் பொருள் சொல்பவர்களும் உண்டு. யாரும் கலக்காமல் நெஞ்சங்கள் தாமாகவே கலந்தன என்பதற்கு அந்தச் சொல் வேண்டும்.

சரிபார்ப்பது கடினமில்லை. உ.வே.சா. பதிப்புகளின் (புறநானூறு 1894, குறுந்தொகை 1937) பாட்டு முதற்குறிப்பு அகராதியில் (பாட்டுகளின் தொடக்கச் சொற்களின் அகரவரிசைப் பட்டியலில்) தேடலாம். வரி பாட்டின் நடுவிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் அதில் கிடைக்காது. அப்போது சொல்லடைவை (எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற பட்டியலை) பார்க்க வேண்டும். பாட்டு கிடைத்ததும் உரைக்குப் போகுமுன் திணை, துறை, கூற்று (யார் சொல்வது என்பது) மூன்றையும் படிக்க வேண்டும். ‘கையறுநிலை’ என்ற ஒரு சொல்லைப் பார்த்திருந்தாலே 112இல் இந்தப் பிழை வந்திருக்காது.

தங்கள் நாளிதழில் இனி இத்தகைய கட்டுரை வரும்போது, பாட்டு எண்ணையும் மூல அடிகளையும் ஒரு சிறு கட்டத்தில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியர், மதுரை