ஆண்டறிக்கை: மாப்பசானோடு ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வாசகர் வட்ட உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஒரே எழுத்தாளரைப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். பிரெஞ்சுச் சிறுகதையாளர் கி தெ மாப்பசானைத் தேர்ந்தெடுத்தபோது, "பள்ளிக்கூடத்தில் படித்த நெக்லஸ் கதைதானே, அதற்கு ஒரு வருஷமா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஏறக்குறைய 300 கதைகளும் 6 நாவல்களும் எழுதியவரை அந்த ஒரு கதையை வைத்தே நம்மில் பலர் அறிந்திருந்தோம். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. மழைக்காலத்தில் அரங்கு கிடைக்காதபோது உறுப்பினர் ஒருவர் தம் வீட்டு மாடியைத் தந்து உதவினார். அவருக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக் காப்பி கொடுத்த அவர் குடும்பத்தாருக்கும் நம் நன்றி.

முதல் கூட்டம் அவருடைய வாழ்க்கையைப் பற்றியது. 1850 ஆகஸ்ட் 5 அன்று நார்மண்டியில், தியெப் நகருக்கு அருகிலுள்ள மிரோமெனில் மாளிகையில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்துவிட, எத்ரெத்தா என்ற கடலோர ஊரில் தாய் லோரிடம் வளர்ந்தார். மீனவர்களோடும் குடியானவர்களோடும் பழகிய பிள்ளை. தாயின் அண்ணன் நாவலாசிரியர் ஃப்ளோபேரின் உயிர் நண்பர். அந்த உறவு முறையில் ஃப்ளோபேர் இவருக்கு ஆசானாக அமைந்தார். ஏழாண்டுகள் எழுதியதையெல்லாம் ஆசானிடம் காட்டித் திருத்தம் வாங்கியதையும், அவற்றில் எதையும் மிச்சம் வைக்காததையும் 'பியேரும் ழானும்' நாவலின் முன்னுரையில் மாப்பசானே சொல்கிறார். அவசரமாக அச்சில் பெயரைப் பார்க்க விரும்பும் நம் இளம் உறுப்பினர்கள் அந்த முன்னுரையை அவசியம் படிக்க வேண்டும்.

பிரான்சுக்கும் ஜெர்மானிய நாடான பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் படைவீரராக இருந்துவிட்டுப் பாரிஸ் வந்தவர், 1872 முதல் எட்டாண்டுகள் அரசு குமாஸ்தா. முதலில் கடற்படை அமைச்சகம், பிறகு கல்வி அமைச்சகம். ஞாயிற்றுக்கிழமைகளில் சேன் நதியில் துடுப்புப் போடுவதுதான் அவருக்கு இளைப்பாறுதல். அந்த மேசையும் அந்தச் சொற்பச் சம்பளமும் அவருடைய கதைகளுக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்பதுதான் இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த பெரிய பாடம். கடைசி வரித் திருப்பத்துக்காக மாப்பசானைப் படிப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். அவர் கதைகளில் காசைப் பின்தொடர்ந்து போக வேண்டும்.

'நெக்லஸ்' கதையையே எடுத்துக்கொள்வோம். 1884-இல் 'லெ கோலுவா' நாளிதழில் வந்தது. கதாநாயகி மத்தில்தின் கணவர் கல்வி அமைச்சகக் குமாஸ்தா, அதாவது மாப்பசான் வேலை பார்த்த அதே இடம். துப்பாக்கி வாங்கி நண்பர்களோடு வானம்பாடி வேட்டைக்குப் போகலாம் என்று அவர் சேர்த்துவைத்த 400 பிராங்க் மனைவியின் விருந்து உடைக்குப் போகிறது. விருந்துக்காகத் தோழியிடம் இரவல் வாங்கிய நகை தொலைந்துபோக, அதற்கு ஈடாக வாங்கிய நகை 36,000 பிராங்க். அதில் 18,000 அவர் அப்பா விட்டுச்சென்ற பணம், மீதி கடன். அப்புறம் பத்து வருஷம்! அவள் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கியபடி தண்ணீர் சுமக்கிறாள். மளிகைக் கடையில் ஒரு சூவுக்கும் (பிராங்கில் இருபதில் ஒரு பங்கு) பேரம் பேசுகிறாள். கணவர் இரவில் பக்கத்துக்கு ஐந்து சூ கூலிக்குப் படியெடுக்கிறார். ஆடம்பர ஆசைக்குக் கிடைத்த தண்டனை என்று ஆண்கள் சிலர் பேசினார்கள். சீட்டுக்கும் வட்டிக்கும் பணம் கட்டிப் பழகிய பெண் உறுப்பினர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சொன்ன சொல்லுக்காகக் கடனை அடைத்துத் தீர்த்தவள் அவள் என்றார்கள். நானும் அவர்கள் கட்சிதான்.

'பியேரோ' கதையை வாசித்த மாதத்தில் கூட்டமே பேச்சற்றுப் போனது. தோட்டத்தில் வெங்காயம் திருட்டுப் போகிறது என்று ஒரு சிறிய நாயை வளர்க்கிறாள் திருமதி லெஃபேவ்ர் என்ற விதவை. நாய்க்கு வரி 8 பிராங்க் என்று தெரிந்ததும் அதை மண் சுரங்கக் குழியில் போட்டுவிடுகிறாள். அதன் அலறல் தாங்காமல் தூக்கிவிடக் கூலி கேட்டால், 4 பிராங்க் என்கிறான் தொழிலாளி. அதற்கும் மனம் வரவில்லை. குழிக்குள் ரொட்டி வீசுகிறாள். யாரோ குழியில் போட்ட இன்னொரு பெரிய நாய் அந்த ரொட்டியைப் பிடுங்கித் தின்ன, ஊரார் நாய்க்கெல்லாம் நான் சோறு போட முடியுமா என்று திரும்பி நடக்கிறாள். கையில் மிஞ்சிய ரொட்டியைத் தானே தின்றுகொண்டு போகிறாள். இரக்கம் உண்டு, ஆனால் 4 பிராங்க் வரைக்கும் இல்லை. ஆசிரியர் ஒரு வார்த்தை கண்டித்து எழுதவில்லை.

'ஒரு துண்டுக் கயிறு' எனக்கு மிகவும் நெருக்கமான கதை. கோதர்வில் சந்தைக்கு வந்த கிழவர் ஓஷ்கோர்ன், வாத வலியோடு குனிந்து சாலையில் கிடந்த கயிற்றுத் துண்டை எடுக்கிறார். எதிர்க்கடை வாசலில் பகையாளி மலாந்தேன் பார்க்கிறான். வெட்கத்தில் கயிற்றைச் சட்டைக்குள் மறைத்து, இன்னும் ஏதோ தேடுவது போல நடிக்கிறார். அந்த நடிப்பு போதும். 500 பிராங்க் இருந்த பணப்பையை எடுத்தவர் அவர்தான் என்று ஊர் முடிவுகட்டிவிடுகிறது. பை வேறொருவனிடமிருந்து திரும்பி வந்த பின்பும் யாரும் நம்பவில்லை. விளக்கிச் சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் வளர்கிறது. சாகும்போதும் கயிறு, கயிறு என்றே புலம்பிச் சாகிறார். நம் உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர், இதை வாசித்த விதம் மறக்கக்கூடியதல்ல.

அவரைப் புகழுக்குக் கொண்டுவந்த 'பூல் த சுயிஃப்' 1880-இல் வெளியானது. ரூவான் நகரிலிருந்து பனியில் தப்பிச் செல்லும் வண்டியில் கனவான்களும் கன்னியாஸ்திரீகளும் பசியோடிருக்க, எலிசபெத் ரூசே என்ற பாலியல் தொழிலாளி தன் கூடைச் சோற்றை எல்லோருக்கும் பகிர்கிறாள். பிரஷ்ய அதிகாரிக்கு அவளைப் பலிகொடுத்துத் தப்பித்த பிறகு, அவர்கள் தங்கள் சாப்பாட்டில் அவளுக்கு ஒரு துண்டு தரவில்லை. இந்தக் கதையை ஃப்ளோபேர் மனதாரப் பாராட்டினார். நூல் வந்த சில வாரங்களில், மே 8 அன்று, அவர் இறந்துபோனார்.

புதுமைப்பித்தன் கதைகளில் சில மாப்பசானின் தழுவல்கள் என ஆய்வாளர்கள் காட்டியிருப்பது பற்றி ஒரு கூட்டத்தில் காரசாரமாக விவாதித்தோம். இரு மொழிக் கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்காமல் தீர்ப்பு சொல்வது சரியல்ல என்று அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

கடைசிக் கூட்டம் 'ஓர்லா'வுக்கு. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன்னை ஆள்வதாக ஒருவன் எழுதும் நாட்குறிப்பு. சிபிலிஸ் நோய் மாப்பசானின் உடலை அரித்துக்கொண்டிருந்தது உண்மை. தம்பி எர்வே 1889-இல் மனநோய் விடுதியில் இறந்ததும் உண்மை. ஆனால் 1887-இல் வந்த 'ஓர்லா'வைப் பைத்தியத்தின் எழுத்து என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு வாக்கியமும் தெளிந்த கை எழுதியது. 1892 ஜனவரியில் கான் நகரில் தற்கொலைக்கு முயன்ற பின் பாரிஸின் பாஸி பகுதியில் டாக்டர் பிளான்ஷின் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். 1893 ஜூலை 6 அன்று இறந்தார். 43 வயது நிறையவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். நூலகப் பிரதிகளை எடுத்துச் சென்றவர்கள் இம்மாத இறுதிக்குள் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு செகாவைப் பரிந்துரைக்கிறது. இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்