உங்கட வளவைக் கேட்டு ஒரு கடிதம்

கோண்டாவில்
15.10.2021

அன்புள்ள ராஜி,

இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவுக்கும் எங்களுக்கும் கொரோனா ஊசி இரண்டும் போட்டாச்சு. சின்னவள் ஒன்லைன் வகுப்பெண்டு போனோடயே கிடக்கிறாள். பேபியக்கா போனது உனக்குத் தெரியும். செத்தவீட்டுக்கு ஒருதராலயும் போகேலாமல் போச்சு. அதை எழுத எனக்கு இன்னும் மனம் வரேல்லை, பிறகு ஒருநாள் எழுதுறன்.

இண்டைக்கு விஜயதசமி. நல்லநாளில உன்னட்ட ஒரு காரியம் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதைக் கடைசியிலதான் கேட்பன், முதல் முழுக்க வாசி. எந்தக் கதைப்புத்தகத்தைக் குடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதல் பிரிக்கிற உன்ர குணம் ரொறன்ரோக் குளிரிலயும் மாறியிருக்காது எண்டு எனக்குத் தெரியும்.

போன கிழமை நீ போனில சொன்னது என்ர நெஞ்சுக்குள்ளயே நிக்குது. "கொம்மா இன்னும் ரங்குப்பெட்டிக்குள்ள சாமான் ஒளிக்கிறாவோ? அப்பிடிப் பதுக்கிற சனத்தாலதானடி கடையில ஒண்டும் இல்லை" எண்டாய். நான் மறுமொழி சொல்ல முதல் லைன் அறுந்திட்டுது. அதுவும் நல்லதுக்குத்தான். அண்டைக்குக் கதைச்சிருந்தால் சண்டை பிடிச்சிருப்பன். இப்ப ஆறுதலாச் சொல்லுறன், கேள்.

அம்மாவின்ர பெட்டிக்குள்ள என்ன இருந்தது தெரியுமே? சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, உப்பு, சீனி, பயறு, இரண்டு மூண்டு பால்மா பக்கற், பனடோல். எல்லாம் சாமான் தாராளமாக் கிடைக்கிற காலத்தில வாங்கினது. பென்சன் எடுக்கிற அண்டைக்கு ஏதோ ஒண்டில ஒண்டு கூட வாங்குவா, அவ்வளவுதான். தட்டுப்பாடு வந்திட்டுது எண்டால் கடைப்பக்கமே போகமாட்டா. "இப்ப நான் வாங்கினால் அது இன்னொருதற்றை பங்கு" எண்டு சொல்லுவா. ஓகஸ்ட் 20 ஆந் திகதி இரவு ஊரடங்கெண்டு அறிவிச்ச உடன சனம் கடைகளுக்கு முன்னால இடிபட்டுது. என்ர மனிசன் சைக்கிளை எடுத்தவர். அம்மா வாசலில நிண்டு மறிச்சுப்போட்டா. இருக்கிறபோது சேர்க்கிறதும் இல்லாதபோது பறிக்கிறதும் ஒண்டில்லை ராஜி. நீ இரண்டையும் ஒரே சொல்லில சொல்லிப்போட்டாய், அதுதான் எனக்கு வலிச்சது.

அவ இதை எங்க படிச்சவ எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை. 1990 இல சண்டை திரும்பத் தொடங்கினாப்பிறகு அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்கு என்னென்ன வரவிடேல்லை எண்டு நினைச்சுப் பார். பெற்றோல், பற்றரி, சீமெந்து, யூரியா. மண்ணெண்ணெய் ஒரு சொட்டு ஒரு சொட்டா. நாங்கள் ரெண்டுபேரும் ஏ.எல். படிச்சது ஜாம் போத்தில் விளக்கில. செய்தி கேட்க சைக்கிளைக் கவிட்டுப்போட்டு டைனமோவைச் சுத்தினம். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில உடுப்புத் தோய்ச்சதும், கொடியில கிடந்த உன்ர பாவாடையை மணியத்தாற்றை மாடு சப்பினதும் சின்னவளுக்கு நான் அடிக்கடி சொல்லுற கதை. அவள் இன்னும் நம்புறாளில்லை. அடுத்த முறை போனில நீயே சொல்லு.

1995 ஒக்டோபர் 30, சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்ட அந்த மழை இரவில நாவற்குழிப் பக்கம் நடந்தபோது அம்மா ஒரு சீலைகூட எடுக்கேல்லை. அரிசி, உப்பு, நெருப்புப்பெட்டி, இவ்வளவும்தான் அவவின்ர பையில. பிறகு 2006 ஓகஸ்டில யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வாற ஏ9 பாதையைப் பூட்டினாங்கள். அப்ப நீ போயிட்டாய். சங்கக்கடை வாசலில குடும்ப அட்டையோட விடிய முதல் போய் வரிசையில நிப்பம். இதையெல்லாம் பார்த்த மனிசி பெட்டிக்குள்ள உப்பு வைக்கிறது பேராசையில்லை.

போன மாதம் பால்மா எங்கயும் இல்லை. சில கடைகளில மற்றச் சாமானும் வாங்கினால்தான் பால்மா தருவினம். மூவாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்குற ஆளுக்குப் பக்கற் கிடைக்கும், பிள்ளைக்குப் பால் மட்டும் வேணுமெண்டு வாறவளுக்கு இல்லை. எங்கட பக்கத்துவீட்டில மேசன் வேலை செய்யிற பெடியன் இருக்கிறான், கைப்பிள்ளைக்காரன். சீமெந்து இல்லாமல் வேலையும் நிண்டுபோச்சு. ஒருநாள் அவன்ர மனிசி வேலிக்கு அங்கால நிண்டு கடை கடையா விசாரிச்ச கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா ஒண்டும் கதைக்காமல் உள்ளுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, இருந்த பால்மா எல்லாத்தையும் கொண்டந்து குடுத்திட்டா. ஒண்டையெண்டாலும் வைச்சிருக்கலாமே எண்டு அவர் கேட்டார். "நாங்கள் வெறுந்தேத்தண்ணி குடிப்பம்" எண்டா. இப்பவும் அதுதான் குடிக்கிறம், பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு.

பதுக்கிறதாலதான் சாமான் இல்லை எண்டாயெல்லோ? போன வருசம் மார்ச்சில, கொரோனா தொடங்கின கையோட, பருப்புக் கிலோ 65 ரூபாய், ரின்மீன் 100 ரூபாய் எண்டு அரசாங்கம் விலை கட்டிச்சுது. கேட்கச் சந்தோசமாத்தான் இருந்தது. ஆனால் அடுத்தநாளே ரெண்டையும் தட்டில காணேல்லை. வாங்கின விலைக்குக் கீழ விக்கச் சொன்னால் எந்தக் கடைக்காரன் விப்பான்? இந்த வருசம் செப்ரெம்பரில சீனிக்கும் அரிசிக்கும் அதையே திரும்பச் செய்தினம். அவசரகால விதியும் போட்டு, களஞ்சியங்களைத் தேடிப்பிடிக்க ஒரு இராணுவ அதிகாரியையும் நியமிச்சினம். அரிசி ஆலைக்காரர் அசையேல்லை. மாதம் முடிய முதல் அரிசி விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாச்சு. இப்ப பால்மா, கோதுமை மா, காஸ், சீமெந்து எல்லாத்துக்கும் எடுத்திட்டினம். 1493 ரூபாய்க்கு வாங்கின காஸ் சிலிண்டர் இப்ப 2675. 400 கிராம் பால்மா 380 இல இருந்து 480. இதுக்கெல்லாம் அடியில கிடக்கிறது டொலர். சுற்றுலாக்காரர் இல்லை, வெளிநாட்டில இருந்து வாற காசும் குறைஞ்சுபோச்சு. சாப்பாட்டுச் சாமான் ஏத்தின கொள்கலன்கள் நூற்றுக்கணக்கில கொழும்புத் துறைமுகத்தில கிடக்குதாம், எடுக்க வங்கியில டொலர் இல்லையாம். இவ்வளவு பெரிய ஓட்டையை ஒரு கிழவியின்ர ரங்குப்பெட்டியில கொண்டுவந்து கட்டாதை.

காஸுக்கு நாங்கள் வழி கண்டிட்டம். பின்பத்தியில பழைய அடுப்பைத் திரும்ப மெழுகியாச்சு. பனை தென்னையில விழுற ஊமல், பன்னாடை, கங்குமட்டை, பொச்சு எல்லாம் பொறுக்கி அடுக்கியிருக்கிறம். சின்னவள் தேங்காய்ச் சிரட்டையில நெருப்பு மூட்டப் பழகிட்டாள். புட்டு அதில அவிச்சால் வாசமே வேற. நீ இப்ப வந்தியெண்டால் மூண்டு நீத்துப்பெட்டி சாப்பிடுவாய், முந்தியும் அப்பிடித்தானே.

இதுவரைக்கும் எழுதினது எல்லாம் சமாளிக்கக்கூடிய விசயம். எனக்கு நித்திரை வராமல் செய்யிறது வேறொண்டு.

பரந்தனில என்ர தம்பி காலபோக நெல்லு விதைச்சுப்போட்டு நிக்கிறான், யூரியா இல்லை. மே மாதம் வர்த்தமானியில இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தினமெல்லோ, முழுநாடும் சேதனப் பசளைக்கு மாறவேணுமெண்டு. ஒரு போகம்கூட அவகாசம் குடுக்கேல்லை. எனக்குச் சேதனப் பசளையில கோபமில்லை ராஜி. ஐயா பூவரசங்குழை தாழ்த்து, மாட்டெருப் போட்டுத் தோட்டம் செய்ததை நீயும் பார்த்தனி. ஆனால் கணக்கைப் பார். 50 கிலோ யூரியா மூடை ஒண்டில 23 கிலோ தழைச்சத்து இருக்கு. அதே அளவை மாட்டெருவால குடுக்கத் தொன்கணக்கில எரு வேணும். உழவு மெசின் வந்தாப்பிறகு யாரிட்ட அவ்வளவு மாடு இருக்கு? மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் மாதிரி எங்கட பழைய நெல்லுகள் பசளை இல்லாமலும் ஏதோ தரும். ஆனால் முழு வயலுக்கும் விதைக்க விதைநெல்லுக்கு எங்க போறது? சீனாவில இருந்து வரவேண்டிய சேதனப் பசளையின்ர மாதிரியில கெட்ட பற்றீரியா இருக்கெண்டு எங்கட ஆக்களே சோதிச்சுச் சொல்லிப்போட்டினம்.

சண்டைக் காலத்தில யூரியாவைப் பாதுகாப்பெண்டு சொல்லித் தடுத்தாங்கள். அது சண்டை நடந்த பக்கங்களுக்கு மட்டும். இப்ப ஆரோக்கியமெண்டு சொல்லி நாடு முழுக்கத் தடுக்கினம். அண்டைக்கு எங்களுக்கு அரிசி இல்லாட்டிலும் பொலன்னறுவையிலயும் அம்பாறையிலயும் நெல் விளைஞ்சது, எப்பிடியோ கிளாலிக் கடலைத் தாண்டியோ கப்பலிலயோ கொஞ்சமெண்டாலும் வந்து சேர்ந்தது. இந்த முறை அங்கயும் இதே நிலைதான். தை, மாசியில அரிவு வெட்டேக்க மூடை பாதியாப் போனால், சித்திரைக்குப் பிறகு என்னத்தை உலையில போடுறது? வாங்க டொலரும் இல்லை. கொரோனா முடிஞ்சாலும் இது முடியாது. எனக்கு இதுதான் பயம்.

சிவத்தார் வாசிகசாலையில நிண்டு, "தடை வந்தால் எங்களுக்கு நல்லம், சிறிமாவோ காலத்தைப் பார்க்கேல்லையோ" எண்டு சொல்லுறாராம். அவர் சொல்லுறதில பாதி உண்மை. எழுபதுகளில மிளகாயும் வெங்காயமும் வெளியில இருந்து வாறதை நிப்பாட்ட, எங்கட தோட்டக்காரர் தலை நிமிர்ந்தவைதான். அந்தக் காசில கல்வீடு கட்டினவை கனபேர். ஆனால் அண்டைக்குத் தடுத்தது சாப்பாட்டுச் சாமானை. பசளையும் இறைக்கிற மெசினும் தோட்டக்காரன்ர கையில இருந்தது. இண்டைக்குத் தடுத்தது பசளையையே. அவருக்கு இதைச் சொன்னால் காது கேளாத மாதிரி இருப்பார், உனக்குத் தெரியும்தானே அந்த முகம்.

அம்மாவும் நானும் இருந்து யோசிச்சம். நெல்லை நம்பி இருக்கேலாது. பசளை பெரிசாக் கேளாத சாமானை இப்ப நடவேணும். அவ உடன விரலை மடக்கத் தொடங்கிட்டா: மரவள்ளி, வத்தாளங்கிழங்கு, குரக்கன், பயறு, வேலிக்கு முருங்கை. பனங்கொட்டையும் பொறுக்கி வைச்சிருக்கிறம், பாத்தி போட்டால் தையில கிழங்கு கிண்டலாம், மிச்சத்தைக் காயவைச்சு ஒடியலாக்கினால் கூழுக்கும் புட்டுக்கும் வருசம் முழுக்க வைக்கலாம். எங்கட வளவு வீட்டோட முடிஞ்சிடும். நடக்கூடியது கிணத்தடிக்குப் பக்கத்தில ஒரு துண்டுதான்.

இப்ப கேட்கிறன். உங்கட ஐயாவின்ர எட்டுப் பரப்பு இணுவில் றோட்டில பத்தையாக் கிடக்கு. பார்த்தீனியமும் இப்பிலும் ஆளுயரத்துக்கு எழும்பிட்டுது. கிணத்துக்குள்ள ஆலங்கண்டு முளைச்சிருக்கு. அருமையான செம்பாட்டு மண் ராஜி, ஒரு காலத்தில அதில விளைஞ்ச வெங்காயத்தை வண்டியில ஏத்தினதை நானும் நீயும் வேலியில ஏறி நிண்டு பார்த்தனாங்கள். அதை ஒரு வருசத்துக்கு எங்களுக்கு விடு. பத்தை வெட்ட, மண் கொத்த அந்த மேசன் பெடியனும் மனிசியும் வருவினம், அவைக்குப் பங்கு குடுக்கிறதெண்டு கதைச்சாச்சு. கிணத்தை என்ர மனிசன் இறைச்சுத் துப்பரவாக்குவார். மரவள்ளி பிடுங்க எட்டு, ஒன்பது மாதமெண்டாலும் செல்லும், ஆனபடியால் அடுத்த ஆடி ஆவணியில பிடுங்கலாம். வத்தாளை தை மாசியிலயே வந்திடும். அரிசி தட்டேக்க எங்கட ஒழுங்கையில ஆறேழு வீட்டுக்கு அது தாங்கும்.

காணியைப் பார்க்கிற அதிகாரப் பத்திரம், அந்த அற்றோணி, உன்ர தம்பியிட்ட இருக்கெண்டு தெரியும். காணிக்குள்ள ஆக்களை விட்டால் பிறகு எழும்பமாட்டினம் எண்டு அவன் பயப்பிடுவான். அவன் பயப்பிடுறதிலயும் நியாயம் இருக்கு, இஞ்ச அப்பிடி நடந்த கதையள் இருக்கு. அதால நொத்தாரிசிட்டப் போய் ஒரு வருசக் குத்தகை முறையா எழுதித் தாறம். என்ர பேரில, மேசன் பெடியன்ர பேரில இல்லை. பிடுங்கிறதில உங்கட பங்கை மங்கை ரீச்சற்றை முதியோர் இல்லத்துக்குக் குடுக்கச் சொன்னால் குடுக்கிறம், விக்கச் சொன்னால் வித்துக் காசைப் போடுறம்.

காசு ஒண்டும் அனுப்பாதை. கட்டாயம் அனுப்பத்தான் வேணுமெண்டு நிண்டியெண்டால் நாலு மண்வெட்டிக்கும் இரண்டு கத்திக்கும் மட்டும் அனுப்பு, வங்கியால அனுப்பு, வங்கிக்கு வெளியால ஆள்மாத்தி அனுப்புற உண்டியலால வேண்டாம். உண்டியலில கூடக் கிடைக்குமெண்டு தெரியும். ஆனால் அந்த டொலர் நாட்டுக்குள்ள வராதே.

மழை இருட்டிக்கொண்டு நிக்குது. ஐப்பசி முடிய முதல் தடி ஊண்டினால்தான் மாரித் தண்ணியில வேர் பிடிக்கும். மரவள்ளித் தடி நீர்வேலியில ஒருதர் தாறதெண்டு சொல்லியிருக்கிறார், வெட்டினால் கனநாள் வைக்கேலாது. தம்பியோட இண்டைக்கே கதை. அவன் ஓமெண்டால் வட்ஸ்அப்பில ஒரு சொல்லுப் போடு, நான் விடியக் கத்தியோட போறன்.

அன்புடன்,
சாந்தா