ஹைபிரிட் வாங்குமுன்

உச்சிப்புளி

தாயி,

நீ அனுப்பிய கார் கொட்டேஷனைப் பார்த்தேன். பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கும், பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் பெரிய பாட்டரியும் உள்ள ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கும் ஆன்-ரோடில் 3 லட்சம் வித்தியாசம். அது திரும்பி வருமா என்று மட்டும் பார். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் இரண்டுக்கும் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று போட்டிருப்பது சோதனையில் எடுத்த மைலேஜ். ரோட்டில் அது நிற்காது.

மதுரை டவுனுக்குள் பெட்ரோல் வண்டி 12, ஹைபிரிட் 21 கொடுக்கும் என்று வை. லிட்டர் 102 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 8.50, 4.86. மிச்சம் 3.64. போட்ட பணம் தேற 82,000 கிலோமீட்டர் ஓடணும்; மாதம் 1,000 ஓட்டினால் ஏழு வருஷம் கிட்ட. ஹைவேயில் 17, 22 என்று வைத்தால் மிச்சம் 1.36தான், 2,20,000 கிலோமீட்டர் ஆகிவிடும். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைப் பாட்டரியில் சேர்த்தும், நின்று நின்று போகும் இடத்தில் என்ஜினை அணைத்தும்தான் ஹைபிரிட் பெரும்பாலும் மிச்சம் பிடிக்கிறது. ஒரே வேகத்தில் போகிற ரோட்டில் சேர்க்க என்ன இருக்கு? ஊருக்கு வருவதற்காக மட்டும் என்றால் வாங்காதே. உன் ஓட்டம் பெரும்பாலும் டவுன் என்பதால்தான் யோசிக்கலாம் என்கிறேன். விற்கும்போது கொஞ்சம் கூட வரும், அதை நம்பிக் கணக்குப் போடாதே.

பெரிய பாட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி உண்டு. பயம் வேண்டாம். பின்சீட்டுப் பக்கம் அதற்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும். அதை அடைத்துப் பை வைக்காதே. உள்ளே உள்ள ஃபில்டரில் மணல் அடைத்தால் பாட்டரி சூடேறும், மைலேஜ் இறங்கும். சர்வீசில் கேட்டுச் சுத்தம் பண்ணச் சொல். சின்ன 12 வோல்ட் பாட்டரிதான் தொல்லை. வண்டி வாரக்கணக்கில் சும்மா நின்றால் அது இறங்கிவிடும், அப்புறம் வண்டி கிளம்பத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு எரியாது. தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது. வாரம் ஒருதடவை அரைமணி நேரம் 'ரெடி'யில் வை.

நம்ம கரைக்கு வந்தால் உப்பு. ஹைபிரிட்டில் மோட்டாரே பாதி பிரேக் வேலையைச் செய்துவிடுவதால் பிரேக் பேடு நாள்பட உழைக்கும். ஆனால் டிஸ்க்கில் உரசல் குறைவு, துரு ஏறும். பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிபர் நகர்வதற்கான பின் இறுகிப்போனால் ஒரு பக்கப் பேடு மட்டும் தேயும், சக்கரம் சுடும், மைலேஜும் போகும். ஆள் இல்லாத ரோட்டில் பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்து, துரு உரசிப் போக நாலைந்து தடவை பிரேக்கை அழுத்திப் பிடி. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பின்னைக் கழற்றி கிரீஸ் வைக்கச் சொல்.

தனுஷ்கோடிக் கடைசியில் அரிச்சல்முனை போய்வந்தால் அடிப்பாகத்தைக் கழுவு. இங்கே போர் தண்ணி பெரும்பாலும் உப்பு, அதில் கழுவினால் கழுவாததற்குச் சமம். குடிக்க வரும் காவிரித் தண்ணியைக் காருக்கு ஊற்ற மனசு வராது. மறுநாளே மதுரையில் வாட்டர் வாஷுக்கு விடு. பானட்டுக்குள் ஆரஞ்சு நிற ஹை வோல்டேஜ் வயர் பக்கம் ஜெட் அடிக்க விடாதே.

இன்சூரன்சில் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் எடு. வெள்ளத்தில் ஹைபிரிட் பாட்டரி கெட்டால் அதற்கும் கிளெய்ம் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்கு. பதில் வந்ததும் எனக்கு அனுப்பு, அட்வான்ஸ் அப்புறம் கட்டலாம்.

அப்பா