கூறல் மீனும் மீன ராசியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாம்பனில் ஒரு கூறல் மீன் கரையேறினால் போதும், 'மீனவருக்கு அடித்தது அதிர்ஷ்டம்' என்று தலைப்புப் போட்டுவிடுகிறீர்கள். சென்ற வாரமும் அதேதான். மீன் படம் பெரிதாக வந்திருந்தது, நன்றி. வலையைப் பற்றி ஒரு வரி இல்லை.

தாங்கள் அறியாததல்ல. கூறலுக்கு விலை சதையால் அல்ல, வயிற்றிலுள்ள நெட்டியால், அதாவது காற்றுப்பையால். ஆண் மீனின் நெட்டிதான் தடிமன், அதற்கே மவுசு. வயிற்றைக் கீறும்போது கத்தி முனை பட்டுக் கிழிந்தாலோ, ரத்தம் ஊறிக் கறுத்தாலோ விலை விழுந்துவிடும். நம்மூர் வெயிலில் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸாவது போட வேண்டும். கத்தி பிடித்ததும் ஐஸ் போட்டதும் அதிர்ஷ்டமா?

அதற்கு முன் வலை சரியாகக் கிடக்க வேண்டும். சோளகக் (தென்மேற்குக்) காற்றுக் காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வாடைக் (வடகிழக்குக்) காற்றில் வடகடலான பாக் விரிகுடா. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் நிலா வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகும். தக்கை குறைந்தால் வலை படுத்துவிடும். ஈயம் குறைந்தால் நீரோட்டம் இழுத்துச் சுருட்டிவிடும். எல்லாம் சரியாக இருந்தும் கூறல் பக்கத்து வலையில் விழுவதுண்டு. அந்த அளவுக்கு அதிர்ஷ்டத்தை ஒப்புக்கொள்கிறேன்.

விலையைக் கொட்டை எழுத்தில் போடுபவர்கள், டீசல், ஐஸ் செலவு கழிந்த பிறகுதான் பங்கு என்பதை எழுதுவதில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அவர் சொன்னதே விலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் பட்ட கடனும் அதில்தான் கழிய வேண்டும்.

படகு கவிழ்ந்து ஆள் போனாலோ, 'விதி விளையாடியது'. பாம்பனில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தது, உயிர்காப்புச் சட்டை இருந்ததா, இன்ஜின் ஏன் நின்றது என்று கேட்பாரில்லை. டீசலில் தண்ணீர் கலந்தாலே இன்ஜின் நின்றுவிடும், ஐயா. வடிகட்டியைக் கழற்றிப் பார்க்காததற்கு விதி என்ன செய்யும்?

கேட்பது பெரிதல்ல. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்கோயிஸ் (INCOIS) நாள்தோறும் காற்று, அலை முன்னறிவிப்பு தருகிறது. தென்கடலுக்கும் வடகடலுக்கும் தனித்தனியே இரண்டு வரி போடுங்கள். ராசிபலனுக்கு 12 கட்டம் ஒதுக்கி, மீன ராசிக்கு 'அலைச்சல்' என்று எழுதுகிறீர்களே, அதன் பக்கத்திலேயே அலை எத்தனை மீட்டர் என்றும் சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாம்பன்.