புஷ்கர் போகிறவர்களுக்கு

ஆசிரியருக்கு,

கார்த்திகைப் பௌர்ணமிக்கு ராஜஸ்தானிலுள்ள புஷ்கர் ஏரியில் நீராடத் திட்டமிடுபவர்கள் நம்மூர் காலண்டரைப் பார்த்து டிக்கெட் எடுத்துவிட வேண்டாம். 2024இல் அங்கே பௌர்ணமி நீராடல் நவம்பர் 15. நமக்குக் கார்த்திகை தீபமோ டிசம்பர் 13! ஒட்டகச் சந்தையும் பௌர்ணமியோடு முடிந்துவிடும். கூட்டம் ஆகாதவர்களுக்கு அதன் பிறகு போவதும் நல்லதுதான். பிரம்மா கோயில் எங்கும் போய்விடாது. அஜ்மீரில் இறங்கினால் பஸ்ஸில் அரை மணி நேரம்.

அப்புறம், 52 படித்துறைகளில் எதில் இறங்கினாலும் தட்சணையை முதலிலேயே பேசிவிடுங்கள். கையில் பூவைத் திணித்துச் சங்கல்பம் ஆரம்பித்தவர், பாதி மந்திரத்தில் நிறுத்தி, "எத்தனை ஆயிரம்?" என்று கேட்டார் என்னிடம். ஈரப் புடவையோடு பேரம் பேச யாருக்கு மனசு வரும்? படித்துறைதோறும் ஒரு கட்டணப் பலகை வைத்தால் என்ன?

- ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்