தொழிற்பேட்டை இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருந்தகத்துக்கு முழுநேர மருத்துவர் கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்
தொழிற்பேட்டைப் பட்டறை உரிமையாளர்கள், தொழிலாளர்கள்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: இ.எஸ்.ஐ. மருந்தகம் – முழுநேர மருத்துவர் நியமிக்கக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: மக்கள் குறைதீர் நாளில் ஏற்கனவே அளித்த எங்கள் மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது, பதில் வரவில்லை. எங்கள் பேட்டை தாங்கள் ஆய்வுக்கு வந்த இடம்தான். ரயில்வே கேட் தாண்டி, எடைமேடைக்குப் பக்கத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் மஞ்சள் கட்டடம்தான் மருந்தகம்.

1. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் லேத் ஆபரேட்டருக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75 சதவீதம், ஆக 600 ரூபாய் மாதாமாதம் இ.எஸ்.ஐ.க்குக் கட்டுகிறோம். நாடு முழுக்க இதே விகிதம்தான். மருத்துவர் இருக்கிற ஊரில் செலவு அதோடு முடிந்தது. இங்கே அதே ஆளுக்குத் தனியார் காப்பீடும் எடுக்க வேண்டியிருக்கிறது.

2. மருத்துவர் கூடுதல் பொறுப்பில் வாரம் இரண்டு நாள் வருகிறார். அவரைக் குறை சொல்லவில்லை; மூன்று மருந்தகத்தை ஒருவர் தலையில் கட்டினால் அவர்தான் என்ன செய்வார்? ஆனால் காய்ச்சல் கிழமை பார்த்தா வருகிறது? நோய்க்கால உதவித்தொகையாகச் சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை உண்டு. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். சான்று தர ஆள் வேண்டாமா? போன மழைக்காலத்தில் டெங்கு வந்த பேக்கிங் பெண் ஒருவர், முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டு அந்தத் திண்ணையில் மதியம் வரை நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். வியாழன் அரசு விடுமுறை. கூலியும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. அப்புறம் கம்மலை அடகு வைத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தது எதற்கு ஐயா?

3. சம்பளம் 21,000 ரூபாய் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது. மற்ற ஊர்களில் அதற்காகவே சம்பள உயர்வு வேண்டாம் என்பவர்கள் உண்டு. இங்கே, விட்டது தொல்லை என்கிறார்கள்!

4. மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை (தொழிற்பயிற்சி நிலையங்களை) 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கினார்கள், நம் ஐ.டி.ஐ.யும் அதில் ஒன்று. நல்ல காரியம். ஆனால் வெளியூர்க் கம்பெனிகள் ஆள் எடுக்க மட்டும் இங்கே வருகின்றன, ஷெட் போட வேறு ஊர் பார்க்கின்றன. "பையன்கள் சரி, ஆஸ்பத்திரி எங்கே?" என்று கேட்பவர்களிடம் பூட்டையா காட்டுவது? கடைசி வரிசையில் வால்வு செய்தவரே இரண்டாவது யூனிட்டை ஓசூரில் போட்டுவிட்டார். இங்கே படித்த பையன்களும் பின்னாலேயே பஸ் ஏறிவிட்டார்கள்.

5. மருத்துவர் வேண்டும்.

புதுக் கட்டடமோ ஸ்கேன் கருவியோ கேட்கவில்லை. ஒரு முழுநேர மருத்துவர், ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்காக மாலை ஏழு மணி வரை மருந்தகம், இவ்வளவுதான். இ.எஸ்.ஐ. இயக்குநருக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுதினால் அசையும். இதையும் 'சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது' என்று முத்திரை குத்தி முடித்துவிட வேண்டாம் எனத் தாழ்மையுடன், மறுபடியும் தாழ்மையுடன், கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பட்டறை உரிமையாளர்கள், தொழிலாளர்கள்
(கையொப்பங்கள் பின்பக்கம்)