இரண்டாவது 'தொகுப்பு'

அன்புள்ள கண்ணா,

உன் பழைய லேப்டாப்பிலிருந்து போன வாரம் நீ அனுப்பிய பாட்டெல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் இங்கே 'தொகுப்பு' என்று ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் நின்றன. ஒரே இடத்தில் ஒரே பெயர் இரண்டு முறை எப்படி வரும் என்று இரண்டு நாள் குழம்பினேன்.

காரணம் நம் எழுத்தில்தான் இருக்கிறது. 'தொ'வின் ஒகரக் குறியை யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளை எண்களாக வைக்கிற முறையில், ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். நம் கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கு இரண்டு வேறு பெயர். உன் லேப்டாப்பின் டிஸ்க் பெயர்களைப் பிரித்தே எழுதிவைக்கிற வகை. இங்கே சேர்த்து எழுதியது இருந்தது. ஒ, ஓ, ஔ ஏறிய எழுத்து வந்த பெயர்கள் மட்டும் இரட்டித்திருக்கின்றன. 'மழை' ஒன்றாகவே இருக்கிறது. ஃபைல்களை அனுப்ப நாம் ஓட்டுகிற ஆர்சிங்க் (rsync) நிரலில் இரு பக்கத்து எழுத்து முறையையும் சொல்லிவிட ஒரு வசதி உண்டு. இனிமேல் அதைப் போட்டே அனுப்பு.

இரட்டைதானே என்று அழிக்கப் போனேன். எதற்கும் எண்ணிப் பார்ப்போம் என்று பார்த்தால் ஒன்றில் 40 ஃபைல், மற்றதில் 41.

உன்னிடம் இத்தனை நாள் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ கிளம்பிப் போன மாதம், கணினியில் இருப்பதை வெளி டிஸ்குக்கு ஏற்றப் போய், எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிப் போட்டுவிட்டேன். அந்தப் பக்கம் இல்லாததை இந்தப் பக்கமும் அழி என்கிற கட்டளையும் சேர்ந்திருந்தது. டிஸ்கில் இருந்தது மூன்று மாதத்துக்கு முந்தைய நகல். கணினியும் ஒரு நிமிடத்தில் மூன்று மாதம் பின்னால் போய்விட்டது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி நீ கீபோர்டில் வாசித்துப் பதிந்தது அதில் போயிற்று. மற்றவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அதை எங்கே போய் வாங்குவது? உன்னிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

அந்த 41-ஆவது ஃபைல் அதுதான்.

உடனே கேட்கவில்லை, முதலில் சோதித்தேன். அது ஃபிளாக் (FLAC) என்கிற ஒலி வடிவத்தில் இருந்தது. அந்த வகை ஃபைலுக்குள் அதன் ஒலிக்கான சரிபார்ப்பு எண்ணும் எழுதியிருக்கும். பிரித்துப் பார்த்து அதோடு ஒப்பிடலாம். ஒத்துப்போனது. பிறகுதான் ஹெட்ஃபோனை எடுத்தேன். ஆரம்பத்தில் நாற்காலியை இழுக்கிறாய். பாதியில் நான் கதவைத் திறக்கிற சத்தம் வருகிறது, நீ நிறுத்தாமல் வாசிக்கிறாய்.

கண்ணா, இரு பக்கமும் ஒன்றுபோல் ஆக்குவது காப்பு நகல் ஆகாது. ஒரு பக்கத்துத் தப்பு மறுபக்கமும் போய்விடும். நான் இப்போது எதை ஓட்டுவதற்கு முன்னும் எதையும் மாற்றாத ஒத்திகை ஓட்டமான டிரை ரன் போட்டு, எதெல்லாம் அழியப் போகிறது என்ற பட்டியலைப் படித்துவிட்டுத்தான் நிஜமாக ஓட்டுகிறேன். ஒரு டிஸ்கை எதோடும் இணைக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். நீயும் அப்படி ஒன்று வைத்துக்கொள்.

சனிக்கிழமை அந்த டிஸ்கில் இதை ஏற்றிவிட்டுச் சொல்கிறேன். அதுவரை உன் லேப்டாப்பில் எதையும் அழிக்காதே.

அன்புடன்,
அம்மா